கமலா என்று ஒருத்தி இல்லை

இந்த மாதக் கடைசியோடு நான் இந்த வேலையை விட்டுப் போகிறேன். மூன்று ஆண்டுகள் பகலில் இணையதளம் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலை, அஞ்சல் வழியில் தமிழ் முதுகலை என்று இருந்தவள், இனி முழுநேர ஆய்வு மாணவி. என் இடத்துக்கு வரும் உங்களுக்கு ஒப்படைப்புக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். கோப்புகள் இருக்கும் இடம், கடவுச்சொற்கள், எந்த வாடிக்கையாளரிடம் எந்த நேரத்தில் பேசலாம் என்பவற்றைத் தனியே எழுதிக் கொடுத்துவிட்டேன். இது வேறு. இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். தணியவில்லை. இருக்கிறபடியே எழுதிவிடுகிறேன்.

வடக்கு ராஜ வீதியில் நம் அலுவலகத்து மாடி ஏறியதும் எதிர்ச் சுவரில் வரிசையாக வண்ணத்தாள்கள் ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புன்னகைக்கும் முகம், ஒரு பெயர், வயது, ஊர். அவற்றை நம் தொழிலில் பெர்சோனா என்கிறோம். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்காக ஒரு தளம் செய்கிறோம். ஆயிரம் பேரையும் மனத்தில் நிறுத்த முடியாது. ஆகவே அவர்கள் சார்பாக ஒருவரை உருவாக்கி, அவர் தளத்துக்குள் வந்து என்னென்ன செய்வார் என்பதைக் கதைபோல எழுதிக்கொள்கிறோம். நல்ல கருவிதான். ஆனால் அந்த ஒருவர், நாம் நேரில் பார்த்துப் பேசிய பலருடைய சாரமாக இருக்க வேண்டும். யாரையும் பார்க்காமல் எழுதினால் அது வெறும் புனைவு. புனைவு தன்னளவில் குற்றமல்ல. அதை ஆதாரம் என்று மேசையில் வைப்பது குற்றம். அந்தக் குற்றத்தை நான் செய்தேன், மிக அழகாகச் செய்தேன்.

சென்ற ஆண்டு நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்று நம்மிடம் வந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாரம் இருமுறை இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவு அங்கே உண்டு. ஒருவருக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும். இயந்திரங்கள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். யாருக்கு எந்த நாள், எந்த வேளை என்பதை வரவேற்பறைப் பெண் ரேவதி ஒரு நீள நோட்டில் எழுதிவந்தார். அந்த நோட்டை ஒழித்துவிட்டு முன்பதிவு முழுவதையும் இணையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது மருத்துவமனை மேலாளரின் விருப்பம்.

நம் வடிவமைப்புப் பிரிவின் தலைவர் பிரவீனிடம், இரண்டு நாள் அந்த வரவேற்பறையில் போய் உட்கார்ந்திருக்கட்டுமா என்று கேட்டேன்.

“எதுக்கு? நீ லிட்ரேச்சர்தானே? ஒரு கேரக்டர் எழுதத் தெரியாதா?” என்றார். “கீரமங்கலம் பக்கம் ஒரு அம்மா. வயசு நாப்பத்தெட்டு. எழுது. சாயங்காலம் கிளையண்ட் வராங்க.”

எழுதினேன். கமலா. கீரமங்கலத்துக்கு அருகே சொந்தக் கொல்லையில் பூ விளைவிக்கிறார். விடியும் முன்பே பூவைச் சந்தையில் போட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிறார். கல்லூரியில் படிக்கும் மகள் கைப்பேசியில் எல்லாவற்றையும் தமிழில் மாற்றிக் கொடுத்திருக்கிறாள். கைப்பேசியை நீட்டிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாகப் பார்த்து, வலது ஆள்காட்டி விரலால் மட்டும் தட்டுவார்.

மேலாளர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க பெரியம்மாவ நேர்ல பாத்த மாதிரியே இருக்குங்க மேடம்!”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கண்ணாடி விளிம்புதான் அறையில் இருந்தவர்களை ஏமாற்றியது, என்னையும்தான். ஒரு நுண்விவரம் உண்மைபோல ஒலித்துவிட்டால் அதற்குப் பின்னால் வரும் எதையும் யாரும் சோதிப்பதில்லை. அந்த நம்பிக்கையின் மேல்தான் விதி எழுதப்பட்டது. சிகிச்சைக்கு முந்தைய நாள் காலை கமலாவுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். நண்பகலுக்குள் அதிலுள்ள இணைப்பைத் திறந்து, வரும் ஓடிபி எண்ணை இட்டு, வருகையை உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் அவருடைய இடம் தானாக ரத்தாகிக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். உறுதிசெய்தவருக்கு மட்டும் கணினி ஒரு சீட்டு அச்சிடும். சீட்டு இல்லாதவரைச் சிகிச்சை அறைக்குள் விடக் கூடாது. ஒரு இயந்திரம்கூடச் சும்மா கிடக்காது என்று மேலாளருக்கு மகிழ்ச்சி.

குறுஞ்செய்தி போகும் கைப்பேசி யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. கமலாவிடம் கைப்பேசி இருந்ததே. நான்தான் கொடுத்திருந்தேனே.

சோதனை நாளில் அலுவலகத்தில் ஆறு பேர் ஆறு கைப்பேசிகளோடு உட்கார்ந்து சரிபார்த்தோம். ஆறு பேருக்கும் செய்தி வந்தது, ஆறு பேரும் உறுதிசெய்தோம். ஆறு பேருக்கும் சிறுநீரகங்கள் நன்றாக இருந்தன.

தளம் திறப்பதற்கு நான்கு நாள் முன்பு, ரேவதிக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். நோட்டிலிருந்த பெயர்களையும் கோப்புகளிலிருந்த எண்களையும் கணினியில் ஏற்றியிருந்தோம். ரேவதி திரையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“மேடம், இது மேரிபுஷ்பம் அம்மா நம்பர் இல்லைங்க. அவங்க மகன் நம்பரு.”

“மகன் பார்த்துச் சொல்ல மாட்டாரா?”

“அவரு துபாய்ல இருக்காருங்க. சிம்மு அவர் பேர்ல வாங்கினது. ரேஷன் கார்டு, கேஸு, பேங்கு எல்லாத்துக்கும் அந்த நம்பர்தான் குடுத்திருக்காங்க. போறப்ப பேங்கு மெசேஜு வரணும்னு சிம்ம கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு. அம்மாகிட்ட இருக்கிறது பட்டன் போனு. அது வேற நம்பரு, கூப்பிட்டா எடுக்க மட்டுந்தான் தெரியும்.”

“இப்படி எத்தனை பேர் இருப்பாங்க?”

ரேவதி என்னை வியப்போடு பார்த்தார். நான் இந்த மாவட்டத்துக்காரிதானா என்ற ஐயம் அந்தப் பார்வையில் இருந்தது. “அறந்தாங்கி, கீரமங்கலம் பக்கமிருந்து வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரு இப்படித்தாங்க மேடம். வீட்டுக்கொருத்தர் வெளியூர்லதானே இருக்காங்க?”

நான் இந்த மாவட்டத்துக்காரிதான். என் சித்தப்பா வீட்டிலும் இதே கதைதான். எனக்குத் தெரிந்திருந்த ஒன்று கமலாவை எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. ஏன் என்பதை இன்றுவரை யோசிக்கிறேன். நான் வாழும் ஊரைப் பார்த்து எழுதாமல், சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அதுதான் விடை.

திரும்பி வந்ததும் பிரவீனிடம் சொன்னேன்.

“அது எட்ஜ் கேஸ்ப்பா,” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எப்போதாவது நடப்பது, ஓரத்தில் கிடப்பது என்று அதற்குப் பொருள். “லிஸ்ட்ல போட்டு வை. அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்.”

முக்கால்வாசிப் பேர் எப்படி ஓரமாவார்கள் என்று நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். நான் அதிகம் பேசாதவள். அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். பட்டியலில் நாற்பத்தோராவது வரியாக அதை எழுதிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எழுதிவிட்டால் சொல்லியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நாற்பத்தோராவது வரியை யாரும் படிப்பதில்லை என்பதை அறிந்துகொண்டே அங்கே எழுதுவதும் மௌனம்தான்.

சனிக்கிழமை தளம் திறந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அலுவலகத்துக்குள் நுழையும்போதே கைப்பேசி அடித்தது.

“மேடம், எட்டு மணியிலேருந்து கூப்பிடுறேன்!” என்றார் ரேவதி. “மேரிபுஷ்பம் அம்மா முத பஸ்ல வந்துட்டாங்க. அவங்க இடத்த சிஸ்டம் வேற ஆளுக்குக் குடுத்துருச்சு. அவரு படுத்து மிஷின் ஓடிக்கிட்டிருக்கு. இவங்களுக்கு மூச்சு வாங்குது. காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. போன வெள்ளிக்கிழம பண்ணதுங்க.”

“டாக்டர்?”

“பாத்துட்டாரு. இன்னிக்கு எப்படியும் பண்ணியாகணும்னு சொல்லிட்டாரு. பதினோரு மணி ஷிப்டுல ஒரு மிஷின் காலியாக் காட்டுது மேடம். ஆனா சீட்டு வர மாட்டேங்குது. ஓடிபி கேக்குது. மேனேஜர் திருச்சி போயிருக்காரு, போன எடுக்கல. சீட்டு இல்லாம உள்ள விட்டா வேல போயிரும்னு டெக்னீஷியன் பயப்படுறாரு.”

மகனுடைய எண்ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட்டுமான இடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாதென்று அவர் அதைத் தங்குமிடத்திலேயே வைத்துவிட்டுப் போவார் என்பது பிறகு தெரிந்தது.

பிரவீனிடம் ஓடினேன்.

“லைவ் டேட்டால கை வைக்காத,” என்றார். “மேனேஜர் மெயில்ல சொல்லட்டும்.”

“மேனேஜர் எடுக்கல.”

“அப்ப வெயிட் பண்ணு. வியாழக்கிழமை ஸ்லாட் இருக்கில்ல? அதப் போட்டுக்கச் சொல்லு.”

“அவங்களுக்கு மூச்சு வாங்குது பிரவீன்.”

“அது மெடிக்கல் இஷ்யூ. நம்ம இஷ்யூ இல்ல.”

இந்த வாக்கியத்தை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். வேறு சொற்களில் இருக்கலாம். அந்த அம்மாவுக்கு இயந்திரம் கிடைக்காமல் செய்தது நோயல்ல, நம்முடைய விதி. விதியை எழுதிய கையே அதன் விளைவைப் பார்த்து ‘இது வேறு துறை’ என்று சொல்லும். அப்போது விவாதிக்காதீர்கள், நேரம் வீணாகும்.

என்னிடம் நிர்வாகி உரிமை இருந்தது; உறுதியான பதிவுகளை மாற்றலாம், ஓடிபி இல்லாமல் புதுச் சீட்டு மட்டும் எடுக்க முடியாது. என் கணினிக்குப் போனேன். உடனே இன்னொருவருடைய இடத்தைப் பிடுங்கி மேரிபுஷ்பத்துக்குக் கொடுத்துவிட முடியும். கை அந்தப் பொத்தானுக்கு மேல் நின்றது. ஆனால் யாருக்கு முதலில் இரத்தம் சுத்திகரிக்கப்பட வேண்டும் என்பதை முடிவு செய்ய எனக்கு என்ன தகுதி? அப்படிச் செய்தால் என் விதி செய்த அதே வேலையை நான் கையால் செய்தவளாவேன். ஆகவே இரண்டு காரியம் மட்டும் செய்தேன். தானாக ரத்து செய்யும் விதியை நிறுத்தினேன். முன்பதிவுப் பக்கத்தை மூடி, நேரில் வரும்படி அறிவிப்புப் போட்டேன். பிறகு ரேவதியை அழைத்தேன்.

“பழைய நோட்டு எங்கே?”

“மேனேஜர் தூக்கிப் போடச் சொன்னாரு மேடம். நான் டிராயர்ல வச்சிருக்கேன்.”

“எடுங்க. டாக்டர்கிட்ட போனக் குடுங்க.”

பணி மருத்துவர் நான் சொன்னதை முழுவதும் கேட்கக்கூட இல்லை. “நோட்டுதானே? கொண்டாம்மா. நான் கையெழுத்துப் போடறேன், நான் பாத்துக்கறேன்,” என்றார். அந்த இரண்டு ‘நான்’களையும் நான் மறக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லை அன்று காலை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிரவீனிடம் போய், என்ன செய்தேன் என்பதை அவராகக் கண்டுபிடிக்கும் முன்பே சொன்னேன். வரம்பு மீறினால் மறைக்காதீர்கள். மறைத்தால் செய்தது சரியாக இருந்தாலும் தவறாகிவிடும். அவர் கத்த ஆரம்பித்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன்.

வரவேற்பறை பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் மேரிபுஷ்பம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறு சிலுவை. செருப்புக்குள் நுழையாத பாதங்களைத் தரையில் வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடி இல்லை.

“நீதான் அந்த மெசேஜு அனுப்புற பிள்ளையா?” என்றார்.

“நானும் ஒருத்திம்மா.”

“எனக்கு வரலியே! எம்மகனுக்குல்ல போயிருக்கு. அவன் துபாய்ல கம்பி கட்டிக்கிட்டு நிக்கிறான்.” மூச்சுக்காக நிறுத்தினார். “ரத்தம் எனக்குச் சுத்தம் பண்ணணும். கேள்வி அவன்கிட்டயா கேப்பீங்க? அப்ப அவன் கிட்னியவே சுத்தம் பண்ணி விடுங்க. நான் இங்கிட்டு ஒக்காந்து வேடிக்க பாக்குறேன்.”

ரேவதி சிரித்துவிட்டார். சிரித்த வேகத்திலேயே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மன்னிச்சிருங்கம்மா,” என்றேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். வெள்ளிக்கெழம எனக்கு எடம் இருக்கா, இல்லையா? அதச் சொல்லு.”

விதியை நிறுத்தியவள் நான்; அதை மறுபடி ஓட விடும் அதிகாரம் எனக்கு மேலே மூன்று பேரிடம் இருந்தது. நான் விழிப்பதைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினோரு மணிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே அழைத்துப் போனார்கள். நல்லவேளை, அந்த ஒரு இயந்திரம் காலியாக இருந்தது என்று நானும் ரேவதியும் பேசிக்கொண்டோம். அந்த ‘நல்லவேளை’க்குப் பிறகு வருகிறேன்.

பிற்பகலில் கூட்டம். நிறுவன உரிமையாளர், பிரவீன், நான். ஒலிபெருக்கியில் மருத்துவமனை மேலாளர். பிரவீன் தீர்வோடு வந்திருந்தார். “மாற்று எண்னு ஒரு கட்டம் சேர்த்துடலாம் சார். அப்புறம் ஒரு புது பெர்சோனா. மேரி, வயசு அம்பத்தஞ்சு, மகன் ஃபாரின்ல.” என் பக்கம் திரும்பினார். “நீ நேர்ல பாத்துட்டு வந்துட்டல்ல? சூப்பரா எழுதுவ. அந்தக் கயிறு, சிலுவை எல்லாம் போடு.”

“மாற்று எண்ண யார் போடுவாங்க?” என்று கேட்டேன்.

“யூசர்தான்.”

“அதப் போட உள்ள வரணும். உள்ள வர ஓடிபி வேணும். ஓடிபி துபாய் போகும்.”

உரிமையாளர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்தார்.

நான் எழுத மாட்டேன் என்றேன். மூச்சுத்திணறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த சிலுவையை அலங்காரமாக எடுத்து வந்து சுவரில் ஒட்ட என்னால் முடியாது. ரேவதி ஒவ்வொருவரையும் அவரவர் கையிலிருக்கும் கைப்பேசியில் அழைத்து, குரலில் கேட்டு, கணினியில் தானே பதிவு செய்யட்டும்; அந்த ஏற்பாடு முடியும்வரை விதி திரும்பக் கூடாது; திரும்பினால் நான் நாளையிலிருந்து வர மாட்டேன். மூன்று ஆண்டுகளில் அந்த அறையில் நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். மேலாளர் ஒலிபெருக்கியில் இருமினார். “சரிங்க, அந்தப் பொண்ணு சொல்றபடியே பண்ணுங்க,” என்றார். அவரும் பயந்துபோயிருந்தார் என்று நினைக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் குறிப்பை இவ்வளவு கோபத்தோடு எழுதியிருக்க மாட்டேன். பிரவீன்மேல் உள்ள கோபம் பழகிவிடக் கூடியது.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் மருத்துவமனைக்குப் போனேன். மேரிபுஷ்பத்துக்கு இடம் இருந்தது, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

“எடம் கெடச்சிருச்சு,” என்றார். “நீ எதுக்கு மெனக்கெட்டு வந்த?”

“சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு.”

“என்னப் பாக்குறது இருக்கட்டும். அன்னிக்கு பதினோரு மணிக்கு என்னப் போட்டீங்களே, அது யாரு எடம்?”

“காலியா இருந்துச்சும்மா.”

“காலியா எப்புடி இருக்கும்? அது சுப்பையாண்ணன் எடம். அறந்தாங்கிக்காரரு. ஒரு வருசமா செவ்வா, வெள்ளி தவறாம முத பஸ்ஸுலயே வந்து ஒக்காந்திருப்பாரு. அன்னிக்கும் வரல, இன்னிக்கும் காணோம். சத்தம் போட்டவளுக்கு எடம் குடுத்துட்டீங்க. வராதவருக்கு என்னாச்சுன்னு யாராச்சும் கேட்டீங்களா?”

நான் ரேவதியிடம் ஓடினேன். செவ்வாய்க்கிழமைக்குரிய ரத்துப் பட்டியலைத் திறந்தோம். மேரிபுஷ்பத்துக்கு அடுத்த வரியிலேயே அவர் பெயர். அவருக்குப் பதிலாகப் பட்டியலில் வந்தவரும் உறுதிசெய்யாததால்தான் அந்த இயந்திரம் காலியாகக் காட்டியிருக்கிறது. நான் விதியை நிறுத்தினேனே தவிர, அது ஏற்கெனவே ரத்து செய்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பட்டியல் மூன்று நாளாக என் திரையிலிருந்து ஒரு சொடுக்குத் தொலைவில் கிடந்தது. பிரவீன் தடுக்கவில்லை, மேலாளர் தடுக்கவில்லை. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மூன்று நாளும் ரேவதி மற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தார். ரத்தான பெயர்களை அழைப்புப் பட்டியலில் சேர்க்கும்படி நான் சொல்லியிருக்கவில்லை.

பட்டியலில் இருந்த எண் குவைத்தில் அவருடைய மகனிடம் ஒலித்தது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் எடுத்தார்.

“ரத்து பண்ணிட்டோம்னு நீங்கதானங்க மெசேஜு அனுப்புனீங்க?” என்றார். “ஆஸ்பத்திரி லிஸ்ட்டுலேருந்து அப்பாவ எடுத்துட்டாங்க போலன்னு நெனச்சு, போக வேணாம்னு சொல்லிட்டேன். நேத்து மூச்சு முட்டி தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. ஐசியூல இருக்காரு. நான் இங்கேருந்து என்னங்க செய்ய?”

‘உங்கள் இடம் ரத்து செய்யப்பட்டது.’ இடம் ரத்தானதும் அதே எண்ணுக்குத் தானாகப் போகும் அந்த வாக்கியம் என்னுடையது. சுருக்கமாக, பிழையின்றி இருந்தது. இனி என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அதில் இல்லை. அதைக் கமலா படிப்பார், படித்துவிட்டு வேறு நேரம் தேர்ந்தெடுத்துக்கொள்வார் என்று எழுதியது.

அன்று மாலைக்குள் பட்டியலில் இருந்த எல்லோரையும் அழைத்தோம். மற்றவர்கள் எப்படியோ வேறு இடங்களில் சமாளித்திருந்தார்கள். சுப்பையா பிழைத்தார். ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். வீடு திரும்பிய பிறகு, முன்னைவிட இரண்டு மடங்கு தொலைவு என்றாலும், தஞ்சாவூருக்கே போய்வருகிறார். நான் ஒருமுறை அழைத்து, இடம் வைத்திருக்கிறோம், திரும்ப வாருங்கள் என்று கேட்டேன். “வேணாம்மா. அங்க மொகத்தப் பாத்துச் சொல்றாங்க,” என்றார்.

அந்தத் தளத்தின் நிர்வாகப் பக்கம் இனி உங்கள் பொறுப்பு. அதைத் திறந்து, மாதக்கணக்கில் வராதவர்களைத் தேடினால் அவர் பெயர் வரும். பெயருக்கு எதிரே சாம்பல் நிறத்தில் ‘செயலற்ற பயனர்’ என்றிருக்கும். அந்த இரண்டு சொற்களையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். நல்ல தமிழாக்கம் என்று அன்று அறையில் எல்லோரும் பாராட்டினார்கள்.